மூன்று காருக்கும் ஒரே காற்று

புந்தோங், ஈப்போ.
வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த தைப்பிங் சம்பந்தி திரு. காசிவிஸ்வநாதன் அவர்களுக்கு, ஈப்போவிலிருந்து ஜெயபாலன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி பாப்பாவும் மகன் தனேஸ்வரனும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியார் நித்யகல்யாணி அவர்களும், தனேஸ்வரனுக்குப் பேசியிருக்கும் குழந்தை தேவிஸ்ரீயும், தங்கள் அக்காள் செகப்பி ஆச்சி அவர்களும் மனத்தளவிலும் சௌக்கியமாக இருக்க மாரியம்மன் அருள் புரிய வேண்டும். சம்பந்தி என்று எழுதிவிட்டேன். பரிசத் தட்டு மாறாதவரை ஈப்போக்காரன் நமக்கு எந்த ஊர்ச் சம்பந்தி என்று ஆச்சி கேட்டால் அதில் தப்பில்லை. ஆனாலும் வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே மன்னிக்கவும்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எடுத்துப் பார்த்தேன். உங்கள் குரல் கேட்டதும் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால், நீல டிக் விழுந்த பிறகும் பதில் வராமல் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தெம்பு எனக்கு இல்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நீங்கள் படித்தீர்களா, கிழித்தீர்களா என்று எனக்குத் தெரியப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏன் நேரம் தவறி வந்தோம் என்பதை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவிலிருந்து தைப்பிங்குக்கு ஒரு மணி நேரப் பாதை. அதைக் கடக்க ஒரு பரிசக் கூட்டத்துக்குக் காலைப் பொழுது முழுவதும் பிடித்தது என்றால், கேட்பவர்கள் நாங்கள் வேண்டுமென்றே உங்களைக் காக்கவைத்தோம் என்றுதான் நினைப்பார்கள். அப்படி இல்லை ஐயா. எல்லாம் டயர் காற்றினால் வந்த வினை.

நான் ரப்பர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டிய ஆள் என்பது தங்களுக்குத் தெரியும். டயரில் காற்று எவ்வளவு என்று பார்க்க எனக்கு மீட்டர் வேண்டியதில்லை. ஓர் உதை போதும், கால் கட்டைவிரல் சொல்லிவிடும். சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று கார்கள் வந்து நின்றன. என்னுடைய உள்நாட்டுக் கார், மகள் ஷாமினியின் ஜப்பான் கார், என் மைத்துனன் மகேந்திரன் புதிதாக வாங்கிய பழைய ஜெர்மன் கார். மூன்றையும் சுற்றி வந்து உதைத்துப் பார்த்தேன். மூன்றும் மூன்று விதமாகச் சத்தம் கொடுத்தன. ஜெர்மன் கார் கல் மாதிரி இருந்தது. ஷாமினியின் கார் நடுத்தரம். என்னுடையது கொஞ்சம் தொளதொளப்பு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பெண் வீட்டுக்குப் போகிற கார்களுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது, மூன்றும் ஒன்றுபோலப் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். தவிரவும், வெயில் ரோட்டில் காற்று சூடேறி விரியும், கொஞ்சம் தளர்வாக விட்டு வைப்பதே நல்லது என்பது எங்கள் லோரி சாஸ்திரம். ஆகவே மற்ற இரண்டு கார்களிலும் காற்றை இறக்கி என் காரின் அளவுக்குக் கொண்டுவந்தேன். கதவுப் பக்கம் அந்தந்தக் காருக்கு எவ்வளவு காற்று என்று சீட்டு ஒட்டியிருப்பதாக ஷாமினி பிறகு காட்டினாள். கதவைத் திறந்துகொண்டு யார் அம்மா டயரைப் பார்ப்பார்கள்?

காற்றை இறக்கிவிட்டு என்ஜினைப் போட்டால் முன்பே தொளதொளத்திருந்த என்னுடையது உட்பட ஒவ்வொரு காரிலும் மஞ்சளாக ஒரு விளக்கு. கிண்ணத்தைக் குறுக்கே அறுத்தது போல ஒரு படம், அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரிகிற விளக்காம் அது, பிறகுதான் தெரிந்தது. கார் என்னைப் பார்த்து எதற்கு ஆச்சரியப்படுகிறது என்று எனக்குப் புரியவில்லை. பாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியில் இப்படிக் கண் எரிந்துகொண்டிருந்தால் ஆகாது, முதலில் அதை அணையுங்கள் என்றாள். தனேஸ்வரன் மட்டும் உள்ளேயிருந்து வந்து ஒரு வார்த்தை சொன்னான்.

"அப்பா, காத்தடிச்சிட்டு அப்புறம் பொத்தானை அமுத்துங்கப்பா. சும்மா அமுத்தாதீங்க."

அவன் லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் என்ஜினியர், அவனுக்குத் தெரியாதா? ஆனால் அன்று காலையில்தான் அவனுக்கு நலங்கு வைத்திருந்தோம். மாப்பிள்ளைக் கையில் கிரீஸ் படக்கூடாது என்று பாப்பா அவனைத் தோளைப் பிடித்துத் தள்ளி உள்ளே அனுப்பிவிட்டாள். அத்தோடு வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அறைக்குள் போய்விட்டான், நான் வெளியே தனியாக மூன்று நாட்டுக் கார்களோடு நின்றேன்.

என் காரில் அது சுலபம்தான். ஸ்டீரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு பொத்தான். விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஷாமினி காரில் போய் முழங்காலடியில் தடவினால் அங்கே பொத்தானே இல்லை. ஜப்பான்காரன் அதை ஸ்டீரிங்கிலேயே ஒரு சின்ன அம்புக்குறிக்குள் ஒளித்துவைத்திருக்கிறான். அமுக்க அமுக்க ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கிறது. வழியில் கடிகாரத்தை மாற்றிவிட்டேன், பெட்ரோல் கணக்கை அழித்துவிட்டேன், கடைசியில் அதுவும் அணைந்தது. மகேந்திரனின் ஜெர்மன் கார்தான் ஆளைக் கொன்றது. அது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி. பெரிய திரையில் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. ஜெர்மன் காரிடம் ஜப்பான் மொழியில் தமிழன் என்ன பேசுவான்? படத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். சீட்டு சூடாகி முதுகைப் பிசைய ஆரம்பித்தது. மகேந்திரன் நல்லா இருக்கு மச்சான், அப்படியே விடுங்க என்று கண்ணை மூடிக்கொண்டான். விளக்கு மட்டும் அணையவில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக எண் காட்டி, எல்லா எண்ணையும் சிவப்பாக்கி வைத்துக்கொண்டது.

ஞாயிறு காலை கோவிலில் மூன்று வண்டிக்கும் பூசை. சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. குருக்கள் கற்பூரத்தைக் காட்டிக்கொண்டே ஜெர்மன் கார் பக்கம் வந்தவர், உள்ளே திரை இரத்தச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து மந்திரத்தை நிறுத்திவிட்டார். நான் தோளில் இருந்த துண்டை எடுத்துத் திரை மேல் போட்டேன். அவரும் பெருந்தன்மையாகத் தொடர்ந்தார். மகேந்திரன் அந்தத் துண்டோடுதான் மெனோரா மலைச் சுரங்கப்பாதை வரை ஓட்டி வந்தான். கூறைப்புடவைத் தட்டு, பழத்தட்டு, மோதிரத்தட்டு எல்லாம் அந்தக் காரில்தான் இருந்தன.

சுரங்கம் தாண்டியதும், வண்டி ஒரு மாதிரி இழுக்கிறது என்று அவன் லைட்டை அடித்து அடித்துக் கூப்பிட்டான். சுங்கைப் பேராக் ஓய்விடத்தில் மூன்று வண்டியும் ஒதுங்கினோம். ஷாமினி இறங்கி வந்து, இனி உதைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், காற்று அடித்தே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெட்ரோல் நிலையத்தில் காற்று அடிக்கும் இயந்திரம் இருநூற்று முப்பது என்கிறது. மகேந்திரன் காரின் திரை இரண்டு புள்ளி மூன்று என்கிறது. இரண்டும் ஒரே காற்றுதான், அளக்கும் கணக்குதான் வேறு என்று எங்களுக்கு யார் சொல்வது? இரண்டே இரண்டு காற்றை வைத்துக்கொண்டா மச்சான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவன் முகம் வெளுத்துவிட்டது. அவன் டயர்களை ஷாமினி பார்த்து முழுதாக நிரப்பினாள். அதற்குள் பின்னால் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடிக்க, பாப்பா மணியைச் சொல்லிச் சொல்லிக் கூப்பாடு போட, என் காருக்கும் ஷாமினி காருக்கும் முன் சக்கரத்துக்கு மட்டும் அடித்துவிட்டு ஓடிவந்து ஏறினோம்.

ரோட்டில் ஏறியதும் அணைந்திருந்த என் விளக்கு மறுபடி எரிந்தது. ஷாமினி விளக்கும் எரிந்தது. காற்று அடிப்பதற்கு முன் பேசாமல் இருந்த கார், காற்று அடித்த பிறகு கோபித்துக்கொள்கிறது. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? காரணத்தைத் தனேஸ்வரன் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னான். அந்தப் பொத்தான் காற்றைச் சரி பண்ணுவது இல்லையாம். இப்போது இருக்கிற காற்றுதான் சரி என்று காருக்குச் சொல்லிக்கொடுப்பதாம். நான் சனிக்கிழமை குறைந்த காற்றை வைத்துக்கொண்டு, இதுதான் சரி, இப்படியே இரு என்று இரண்டு வண்டிக்கும் பாடம் நடத்தியிருக்கிறேன். அவையும் நல்ல பிள்ளைகளாகக் கேட்டுக்கொண்டன. ஜெர்மன்காரன் மட்டும் என் பேச்சை நம்பவில்லை. அவனுக்குச் சக்கரத்துக்கு உள்ளேயே காற்றை அளக்கும் கருவி இருக்கிறதாம்.

அதைக் கேட்டதும் ஓரத்தில் நிறுத்தி மீண்டும் பொத்தானை அழுத்தினேன். இந்தத் தடவை முறைப்படி செய்ய வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அழுத்திய பிறகு கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட்டினால்தான் கார் படித்து முடிக்கும் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான் ஐயா. நான் அதை விரதம் மாதிரி எடுத்துக்கொண்டேன். இடது ஓரமாக, தேர் நகர்வது போல, கூட்டாமல் குறைக்காமல் ஓட்டினேன். மண் லோரிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. ஷாமினி என் பின்னால், மகேந்திரன் அவள் பின்னால். முந்திப் போக அவர்களுக்கு முடியும், ஆனால் மாப்பிள்ளை வண்டியை முந்திக்கொண்டு தட்டு வண்டி போகக்கூடாது என்று நான்தான் புறப்படும்போது சட்டம் போட்டிருந்தேன். பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடியில் தனேஸ்வரன் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் விளக்காவது மண்ணாவது என்று காலை அழுத்தினேன். தைப்பிங்குக்குத் திரும்பும் சங்காட் ஜெரிங் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு நடந்தது நீங்கள் கண்ணால் பார்த்ததுதான். உங்கள் வாசலில் நாங்கள் இறங்கும்போது உள்ளே கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. எமகண்டத்தில் தட்டை இறக்க வேண்டாம் என்று ஆச்சி சொன்னார்கள். எமகண்டம் கழியக் காத்திருக்கலாம் என்றால், அதற்குள் அஷ்டமி பிறந்துவிடும் என்று பஞ்சாங்கத்தைக் காட்டினார்கள். ஆச்சி சொன்னது முறைதான், நான் குறை சொல்லவில்லை. தட்டு மாறாத வீட்டில் கை நனைப்பதில்லை என்பது உங்களுக்கும் முறை, எங்களுக்கும் முறை. உங்கள் வீட்டுச் சமையல் வாசனை கூடம் வரை வந்துகொண்டிருக்க, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் நாங்கள் எழுந்து வந்தோம். இறக்காத தட்டுகளை மறுபடி வண்டியில் கட்டினோம். வாசலில் நீங்கள் என்னிடம், பார்த்துப் போங்க என்றீர்கள். அதை அன்றிலிருந்து திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். ரோட்டைப் பார்த்துப் போ என்றீர்களா, இனி இந்தப் பக்கம் வராதே என்றீர்களா? பாப்பா ரோடுதான் என்கிறாள். எனக்கு நிச்சயம் இல்லை.

ஆனால் தேவிஸ்ரீ குடையைப் பிடித்துக்கொண்டு கேட் வரை ஓடிவந்தாள். கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"மாமா, டயர்ல காத்து பாத்துட்டுப் போங்க மாமா. மெதுவாப் போங்க, பரவால்ல லா."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பெண் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நேரம் தவறிப்போய்த் தட்டோடு திரும்புகிற ஆளைப் பார்த்து அப்படிக் கூப்பிட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

சம்பந்தி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விளக்கை அணைக்க நான் அவ்வளவு பாடுபட்டது சகுனத்துக்காக மட்டும் இல்லை. பயத்தினால். உங்கள் வீடு மூன்று தலைமுறையாகக் கடை வைத்த வீடு. நான் பால் லோரி ஓட்டியவன், என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நம் பிள்ளைகள் அதையெல்லாம் பார்க்கவில்லை, நீங்களும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் உங்கள் பெரிய கேட்டுக்குள் என் வண்டி வந்து நிற்கும்போது அதில் ஒரு குறை விளக்கு எரியக்கூடாது, யாரும் எட்டிப் பார்த்து இவர்கள் இவ்வளவுதான் என்று நினைத்துவிடக்கூடாது என்று எனக்கு உள்ளூர ஓர் உதறல். குறையைச் சரிசெய்வதற்குப் பதிலாக அதை மறைக்கத்தான் பார்த்திருக்கிறேன். தனேஸ்வரன் ஞாயிறிலிருந்து சரியாகச் சாப்பிடுவது இல்லை. வேலைக்குப் போகிறான், வருகிறான், என்னைத் திட்டக்கூட மாட்டேன் என்கிறான். திட்டினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். என் கைக் குறும்புக்கு அந்த இரண்டு பிள்ளைகள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். தயவுசெய்து ஆச்சி அவர்களிடம் பேசி இன்னொரு நாள் குறித்துக்கொடுங்கள். எந்த நாளானாலும் சரி, எந்த நேரமானாலும் சரி. ஆச்சி இதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை, வரச் சொல்லிக் கேட்கும் தகுதியும் இப்போது எனக்கு இல்லை. நாங்களே வருகிறோம். இந்த முறை காரே வேண்டாம். ஈப்போ ஸ்டேஷனில் ரயில் ஏறி, தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்து தைப்பிங்கில் இறங்குகிறோம். ரயிலுக்கு இரும்புச் சக்கரம், அதில் எனக்கு வேலை இல்லை. என் உயிர் இருக்கும்வரை உள்நாடோ வெளிநாடோ எந்தக் காரின் டயர் விளக்கையும் இனி நான் தொடமாட்டேன் என்று பாப்பாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அவள் ஷாமினி தலையிலும் வைக்கச் சொன்னாள், வைத்தேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், தேவிஸ்ரீக்கு என் ஆசியும் சேரட்டும். அந்தக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும், நூறாண்டு நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் வாழட்டும். வந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
ஜெயபாலன்.

பி.கு.: சனிக்கிழமை, மதியம். மேலே எழுதியதைத் தபாலில் போடவில்லை. தபால்தலை வாங்கக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் பெரிய வெள்ளைக் கார் எங்கள் சந்துக்குள் திரும்பியது. நீங்கள் இப்போது எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பாப்பா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நான் சமையல்கட்டில் அரிசி டின் மேல் தாளை வைத்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரில் சொல்லலாம்தான், ஆனால் எனக்கு இருமல் வந்துவிட்டது.

நாள் குறிக்கத்தான் வந்தோம், மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆச்சியே கிளம்பினார்கள் என்று நித்யகல்யாணி அம்மா பாப்பாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வழியில் டோல் தாண்டியதும் உங்கள் காரிலும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததாமே. நீங்கள் பட்டறையைத் தேடித் திரும்பப் பார்த்தீர்களாம். பின் சீட்டிலிருந்து ஆச்சி தடுத்தார்களாம்.

"பட்டறைக்கு எதுக்குப் போறே? சம்பந்தி வீடு இருக்குல்ல, அவுக பாத்துக்குவாக."

ஐயா, ஆச்சி வாயால் அந்த வார்த்தை வந்ததா? நித்யகல்யாணி அம்மாவை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிப் பாப்பா கேட்டாள். நானும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

ஆகையால் மேலே செய்த சத்தியத்தை அடித்துவிடவும். உங்கள் காரை நான் பார்த்துவிட்டேன். இந்தக் காரில் பொத்தானும் இல்லை, அம்புக்குறியும் இல்லை, எல்லாம் திரைக்குள்தான். நல்ல வேளை, ஆங்கிலத்தில் இருந்தது. அழுத்தினேன், விளக்கு அணைந்துவிட்டது. காற்று அடிக்கவில்லை. பின் சக்கரத்தில் ஆணி ஏறியிருக்கிறது. அதை எடுத்து அடைக்க மகேந்திரனை வரச் சொல்லியிருக்கிறேன், மெதுவாக வரச் சொல்லியிருக்கிறேன். ஷாமினி வாங்கிக்கொடுத்த காற்றடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் உண்டு. நீங்கள் எல்லாரும் சாப்பிட்டு எழும்வரை அது எங்கே இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வராது.

பாப்பா கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, நெத்திலியை வறுத்துக்கொண்டே வாழையிலை அறுத்துவரச் சொல்கிறாள். தனேஸ்வரனுக்கும் சேர்த்து ஓர் இலை அதிகமாக வெட்ட வேண்டும். தட்டு இன்னும் மாறவில்லை, ஆனாலும் ஆச்சி கை கழுவக் குழாய் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். நான் போய்க் காட்டுகிறேன்.